ஒரே வாரத்தில் பத்துக் கிலோ அத்தி: உறையவிடுவதா, காயவைப்பதா, காய்ச்சுவதா?

மாங்காயைப் பறித்து வைக்கோலில் போட்டால் சில நாளில் பழுத்துவிடும். வாழைத்தாரை வெட்டி உள்ளே தொங்கவிட்டால் தானே பழுக்கும். சீமை அத்தி அப்படி ஒத்துவராது. காயாகப் பறித்தால் வாடுமே தவிர இனிப்பு ஏறாது. மரத்திலேயே பழுத்ததைப் பறித்தால் வெளியில் ஒன்றரை நாள், ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள். அதற்கு மேல் நிற்காது. தோட்டத்துச் சாளை ஓரத்திலும் வீட்டு வாசலிலும் பூனா அத்தி, டயானா, டர்க்கி பிரவுன் என்று இரண்டு மூன்று கன்று நட்ட கொங்குப் பக்கத்து வீடுகளில் மாசிக் கடைசியில் ஆரம்பிக்கும் தலைவலி இதுதான். பூனா அத்தி கிலோவுக்கு 20 முதல் 25 பழம் நிற்கும். தண்ணீர் குறையாமல் பாயும் இரண்டு மரம் உச்சக் காய்ப்பில் நாளுக்கு ஒன்றரைக் கிலோ கொடுத்தால், வாரத்துக்குப் பத்துக் கிலோ. பக்கத்து வீட்டுக்கும் பங்காளி வீட்டுக்கும் கொடுத்தது போகவும் ஆறேழு கிலோ மிஞ்சும்.

மிஞ்சியதை என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் காயவைக்கத்தான் கிளம்புகிறார்கள். கடையில் உலர் அத்தி விற்கும் விலை அப்படி. ஆனால் வீட்டில் அதிகம் கெட்டுப்போவதும் அதுவே. அன்றாடம் பறிப்பதை அன்றன்றே ஃபிரீசரில் போட்டு, மூன்று கிலோ சேர்ந்ததும் ஒரு நாள் உட்கார்ந்து ஜாம் காய்ச்சுவதுதான் பெரும்பாலான வீட்டுக்குச் சரிப்படும் என்பது எங்கள் கணிப்பு. உலர்த்துவது மாசி முதல் வைகாசி வரை மட்டும், அதுவும் முதல் தரப் பழத்தை மட்டும். அல்வா, ஒப்பிட்டு (போளி) எல்லாம் அந்த வாரமே தின்று தீர்ப்பதற்கு. அவற்றைச் சேமிப்புக் கணக்கில் எழுதக் கூடாது.

பறிக்கும்போதே பாதி முடிவு

பழத்தின் கழுத்து தளர்ந்து தலை தொங்க வேண்டும். விரலால் தொட்டால் காது மடல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். காம்போடு திருகிப் பறிக்கும்போது பால் கொட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். பறிக்கும் முன் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. அத்திப்பால் பட்ட தோலில் வெயில் பட்டால் சிவந்து கொப்புளிக்கும். முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை இருந்தால் இன்னும் நல்லது. விடியற்காலையில் பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பழம் சூடாகி, கூடையில் அடுக்கும்போதே நசுங்கும். அணிலும் குயிலும் நமக்கு முன்னால் வந்துவிடும் என்பது தனிக் கதை.

வீட்டுக்கு வந்ததும் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். தோல் கிழியாத, கழுத்துச் சுருங்கிய பழம் முதல் குவியல்: உலர்த்த, உறையவிட. தோல் லேசாக வெடித்த, அதிகம் கனிந்த பழம் இரண்டாவது: ஜாம், அல்வா. பால் இன்னும் கசியும் அரைப்பழம் மூன்றாவது: தொக்கு.

வேறு எந்தப் பழத்திலும் இல்லாத ஒரு வேலை இதில் உண்டு. ஒவ்வொரு பழத்தையும் இரண்டாகப் பிளந்து பார்த்தே ஆக வேண்டும். அத்திக்கு அடியில் ஒரு கண் இருக்கிறது. அது திறந்திருந்தால் ஈ, எறும்பு, பூஞ்சை எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். வெளித்தோல் பளபளவென்றே இருக்கும். உள்ளே கரித்தூள் போலக் கறுப்பு இருந்தால் அது பூஞ்சை. புளித்த கள் வாடை வந்தால் உள்ளே நொதித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டையும் உரக்குழியில் போட வேண்டும். ‘கொதிக்கத்தானே போகிறது’ என்று ஜாமில் சேர்க்கக் கூடாது. பூஞ்சை விடும் நச்சில் சில வகை கொதித்தாலும் அழியாது. புளித்த பழம் ஒன்று விழுந்தாலும் மொத்த ஜாமுக்கும் அந்த வாடை ஏறிவிடும்.

‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்று சொல்வது ஆற்றோரத்து நாட்டு அத்திக்கு. அதன் உள்ளே குளவி புகுந்து முட்டையிடும். நம் வீட்டுப் பூனா அத்தி, டயானா, டர்க்கி பிரவுன் மூன்றும் குளவி வராமலே பழுக்கும் ரகங்கள். எனவே சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உள்ளே ஏதாவது நெளிந்தால் அது ஈப்புழு. அந்தப் பழத்தைத் தூக்கிப் போட்டால் போதும்.

ஃபிரீசர்: குறைந்த வேலை, குறைந்த புகழ்

கழுவி, துணியில் ஒற்றி, காம்பை நறுக்கி, இரண்டாகப் பிளந்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காக வைத்து ஓர் இரவு உறையவிட வேண்டும். மறுநாள் ஜிப் பையில் கொட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, தேதியும் எடையும் எழுதிவிட வேண்டும். நேரடியாகப் பையில் கொட்டி வைத்தால் பாறாங்கல்லாக ஒட்டிக்கொண்டு, கால் கிலோ எடுக்க முழுப் பையையும் உருக்க வேண்டிவரும். வெட்டிய முகம் பழுப்பேறாமல் இருக்க, கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு தெளிக்கலாம். ஜாமுக்குப் போகும் பழமென்றால் அதுவும் வேண்டாம்.

மைனஸ் 18 டிகிரி நிற்கும் தனி ஃபிரீசரில் எட்டு மாதம் தாராளமாகத் தாங்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் அந்தக் குளிர் நிற்காது; இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இடமும் மூன்று கிலோவுக்கு மேல் இராது. கிராமத்து மின்தடை இன்னொரு தொல்லை. பை நிறைந்த ஃபிரீசர் ஒரு நாள் வரை குளிரைப் பிடித்து வைத்திருக்கும், பாதி காலியானது அரை நாள்தான். ஒருமுறை முழுதாக இளகி வெளிச் சூடு ஏறிவிட்ட பழத்தைத் திரும்ப உறையவிடாமல், அன்றே காய்ச்சிவிட வேண்டும்.

உறைந்து உருகிய அத்தி கொளகொளவென்று ஆகும். அப்படியே தின்னவோ, தட்டில் அழகாக நறுக்கி வைக்கவோ ஆகாது. ஜாமுக்கும் அல்வாவுக்கும் அது குறையே இல்லை. செல்சுவர் முன்கூட்டியே உடைந்திருப்பதால் பத்து நிமிடம் முன்னதாகவே குழைந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே உறையவைப்பதைத் தனி வழியாகப் பார்க்காமல் ஜாமுக்கு முந்தைய படியாகப் பார்க்கச் சொல்கிறோம். அத்தி ஒரே நாளில் பழுப்பதில்லை. மூன்று நான்கு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அரைக் கிலோவுக்கு ஒருமுறை அடுப்பு மூட்ட யாராலும் முடியாது.

உலர்த்துவது: எல்லாரும் ஆசைப்படுவது

முதலில் எதிர்பார்ப்பைச் சரி செய்துகொள்வோம். கயிற்றில் கோத்துத் தட்டையாக வரும் ஆப்கானிஸ்தான் அத்தியும், பெட்டியில் வரும் துருக்கி அத்தியும் சர்க்கரை அதிகமுள்ள வேறு ரகங்கள். துருக்கியில் பழம் மரத்திலேயே பாதி காய்ந்து கீழே விழுந்தபின்தான் பொறுக்கி உலர்த்துகிறார்கள். நம் பூனா அத்தியில் தண்ணீர் அதிகம், இனிப்புக் குறைவு. எவ்வளவு பக்குவமாக உலர்த்தினாலும் கறுத்து, சற்றுப் புளித்து, தோல் தடித்துத்தான் வரும். ருசியில் குறைவில்லை, ஆனால் கடைப் பழம் போல் பொன்னிறமாக வரவில்லை என்று வருந்துவது வீண். பச்சைப் பழத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே நான்கு கிலோ பழம் ஒரு கிலோவாகும். பத்துக் கிலோ உலர்த்தினால் கையில் வருவது இரண்டரைக் கிலோ.

காலம்தான் இதில் எல்லாமே. மாசி, பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர், காங்கேயம், தாராபுரம் பக்கத்து வெயிலும் வறண்ட காற்றும் உலர்த்துவதற்கென்றே அமைந்தவை. கொப்பரைக் களங்கள் காங்கேயத்தில் இவ்வளவு பெருகியதற்கும் அந்த வெயிலே காரணம். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரம் வரும். மூலனூர்ப் பக்கம் அப்போதும் ஓரளவு காயும், ஆனால் மண் தூசியும் சேர்ந்தே ஒட்டும். ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர்ப் பக்கம் சாரல் அடிக்கும்போது நினைத்தே பார்க்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் எந்த ஊரிலும் முடியாது. மழைக்காலக் காய்ப்பு இனிப்பிலும் குறைந்தது. பூனா அத்திக்குப் பேர்போன மகாராஷ்டிரத்தில், கோடைக் காய்ப்பை இனிப்புப் பருவம் என்றும் மழைக் காய்ப்பைப் புளிப்புப் பருவம் என்றுமே சொல்கிறார்கள்.

செய்முறை இப்படி. முதல் குவியல் பழத்தைக் கொதிக்கும் தண்ணீரில் 30 வினாடி முக்கி எடுக்க வேண்டும். தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, ஈரம் வெளியேற வழி கிடைக்கும். துணியில் ஆறவிட்டு, காம்பிலிருந்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகம் மேலே பார்க்கும்படி மூங்கில் தட்டிலோ எவர்சில்வர் வலைத் தட்டிலோ பரப்ப வேண்டும். தட்டு மொட்டை மாடித் தளத்தில் படக் கூடாது. நான்கு செங்கல் வைத்துத் தூக்கினால் அடியிலும் காற்று ஓடும். மேலே கொசுவலை போட வேண்டும். செங்கலைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு போடுவதை விட, ஒவ்வொரு செங்கலையும் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவதே எறும்புக்குச் சரியான தடுப்பு. முதல் நாள் மாலைக்குள் வெட்டிய முகத்தில் ஆடை கட்டியிருக்கும், அப்போது திருப்பிப் போடலாம். இரவில் கண்டிப்பாக உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கினால் பகல் முழுக்க வாங்கிய வெயில் வீண். பாதிப் பழம் மூன்று நான்கு நாளில் தயாராகும். முழுப் பழமென்றால் ஆறேழு நாள், அதற்குள் சித்திரைக் கோடைமழை ஒன்று வந்துவிடும். அதனால்தான் பிளக்கச் சொல்கிறோம். கொப்பரைக் களத்தில் ஓரமாக இடம் கேட்டுப் பரப்புகிறவர்கள், அங்கே கந்தகம் புகைக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். அத்தி அந்த வாடையை இழுத்துக்கொள்ளும்.

மின்சார உலர்த்தும் பெட்டி இருந்தால் 55 முதல் 60 டிகிரி, பாதிப் பழத்துக்கு 10 முதல் 14 மணி நேரம். 500 வாட் பெட்டி என்றால் 12 மணி நேரத்துக்கு ஆறு யூனிட் ஆகும். சீக்கிரம் முடியட்டும் என்று 70 டிகிரியில் ஆரம்பிப்பதுதான் பலரும் செய்வது. வெளித்தோல் முதலிலேயே இறுகிக்கொண்டு உள் ஈரத்தை அடைத்துவிடும். தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், டப்பாவில் அடைத்த இரண்டாவது வாரம் பூசணம் பூக்கும்.

பதம் பார்ப்பது எளிது. ஒரு துண்டைக் கிழித்து விரலால் அழுத்தினால் சாறு கசியக் கூடாது. தோல் செருப்பு மாதிரி வளைய வேண்டும், ஒடியக் கூடாது. அதோடு முடிந்ததென்று நினைக்க வேண்டாம். கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் ஒருதரம் குலுக்கிவிட வேண்டும். அதிகம் காய்ந்த துண்டும் குறைவாகக் காய்ந்த துண்டும் ஈரத்தைப் பகிர்ந்துகொண்டு சமமாகும். ஜாடிச் சுவரில் வியர்வை தெரிந்தால் மறுபடி வெயிலில் போட வேண்டும். கடைசியாக, ஃபிரீசரில் 48 மணி நேரம் வைத்து எடுத்தால் பூச்சி முட்டை சாகும். வெயிலில் காயவைத்த எதற்கும் இந்தப் படி அவசியம். பூசணம் தெரிந்த உலர் அத்தியைத் துடைத்துவிட்டுத் தின்னக் கூடாது. உலர் அத்தியில் அஃப்ளடாக்சின் நச்சு உலகம் முழுக்க அறிந்த பிரச்சினை.

தேன் அத்தி ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சொல். பச்சை அத்தியைத் தேனில் போட்டால் பழத்துத் தண்ணீர் தேனில் இறங்கும். தேனில் ஈரம் 20 சதவீதத்தை ஒட்டி ஏறிவிட்டால் நொதிக்க ஆரம்பிக்கும். நுரை தள்ளி மூடியைத் தூக்கும். நன்றாக உலர்ந்த பழம் கால் கிலோவுக்கு 350 கிராம் தேன், பத்துப் பதினைந்து நாள் ஊறல் போதும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதுவும் கூடாது.

ஜாம்: புளிப்பு இல்லாமல் ஆகாது

அத்தியில் இரண்டு பற்றாக்குறை: பெக்டினும் புளிப்பும். முதலாவது இல்லாவிட்டால் ஜாம் உறையாது, இளகலாகவே நிற்கும். இரண்டாவது இல்லாவிட்டால் பாதுகாப்பே போச்சு. அடைத்த பாட்டிலில் கொடிய நச்சை உண்டாக்கும் பாட்டுலிசக் கிருமி வளராதிருக்க, புளிப்பைக் காட்டும் பிஹெச் எண் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அத்தி அந்தக் கோட்டுக்கு மேலும் கீழுமாக, பெரும்பாலும் மேலேயே, நிற்கும் பழம். இனிப்புக்கு எதிராக ஒரு ருசி என்று நினைத்து எலுமிச்சையைக் குறைக்கக் கூடாது. அதுதான் காவல்.

காம்பு நீக்கிய பழம் 1 கிலோ, சர்க்கரை 600 கிராம், எலுமிச்சைச் சாறு 60 மில்லி. நம்மூர் எலுமிச்சை நான்கு பிழிந்தால் வரும். எலுமிச்சை விலை ஏறிக் கிடக்கும் கோடையில் சிட்ரிக் அமிலம் ஒரு தேக்கரண்டி போடலாம். உறையும் தன்மைக்குக் கொய்யா: செங்காயாக உள்ள கொய்யா 150 கிராமை நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, பிழியாமல் துணியில் வடித்த சாறு. பிழிந்தால் கலங்கலும் கொய்யா வாடையும் சேர்ந்து வரும்.

பழத்தையும் பாதிச் சர்க்கரையையும் கலந்து இரண்டு மணி நேரம் ஊறவிட்டால் தன் சாற்றிலேயே வேகும். அடிகனமான எவர்சில்வர் குண்டா எடுத்துக்கொள்ள வேண்டும். அலுமினிய வடச்சட்டியில் புளிப்புச் சேர்ந்தால் நிறமும் கெடும், உலோகச் சுவையும் ஏறும். முதல் 15 நிமிடம் மிதமான தீயில் பழம் குழையட்டும். பிறகு மீதிச் சர்க்கரை, கொய்யாச் சாறு, எலுமிச்சை எல்லாம் சேர்த்துத் தீயைக் கூட்டி, விடாமல் கிளற வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் அத்தி விதைகள் அடியில் படிந்து சட்டென்று பிடிக்கும். சூடான ஜாம் தெறிக்கும், நீளக் கரண்டியே சரி.

பதத்துக்கு 105 டிகிரி என்று பல குறிப்புகளில் இருக்கும். அது கடலோரக் கணக்கு. கோவை கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீரே 98.5 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். அதனால் 103 வந்ததும் இறக்கலாம். 105 வரை விட்டால் கரண்டி குத்தாத கெட்டிப் பாகாகிவிடும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். மொத்தம் 1.2 கிலோ ஜாம் வரும்.

எந்தச் சர்க்கரை என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. வெள்ளைச் சர்க்கரை பழத்தின் நிறத்தையும் மணத்தையும் அப்படியே காட்டும், நன்றாக உறையும். டயானா போன்ற வெளிர்நிறப் பழத்துக்கு அதுவே பொருத்தம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போட்டால் நிறம் கறுக்கும், உறைவு கொஞ்சம் தளரும், ஆனால் பூனா அத்தியின் மண் மணத்தோடு அது சேரும் விதம் தனி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்து சர்க்கரை போகிறது என்றால் பழத்தோடு அது ஒட்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதைப் பயன்படுத்தும்போது மூன்று மாற்றம் செய்ய வேண்டும். கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடித்தால் மண்ணும் சக்கையும் போகும். சுண்ணாம்பு போட்டுக் காய்ச்சும் சர்க்கரை புளிப்பைக் கொஞ்சம் தின்றுவிடும், ஆகவே எலுமிச்சை ஒன்று கூட. தீ எப்போதும் ஒரு படி குறைவு, இது சீக்கிரம் கருகும். பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருப்பதை வாங்க வேண்டாம், அது பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது. கருப்பட்டி அத்தியின் மணத்தை மூடிவிடும். அதை அல்வாவுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

பாட்டிலைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, சூட்டோடு சூடாக ஜாமை ஊற்றி, வாயில் கால் அங்குலம் விட்டு மூட வேண்டும். மூடிய பாட்டிலைத் திரும்பக் கொதிநீரில் முழுக முக்கிப் பத்து நிமிடம் வைத்தால் வெளியிலேயே ஓராண்டு நிற்கும். போர் தண்ணீர் வீட்டில் பாட்டிலில் வெள்ளைப் படலம் ஒட்டும். தண்ணீரில் இரண்டு கரண்டி வினிகர் விட்டால் ஒட்டாது. சிறுவாணித் தண்ணீர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. சர்க்கரையை 400 கிராமாகக் குறைத்துச் செய்பவர்கள் வெளியில் வைக்க முயல வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்தில் முடித்துவிட வேண்டும்.

அல்வாவும் ஒப்பிட்டும்

அல்வாவுக்கு 1 கிலோ பழம், நாட்டுச் சர்க்கரை அல்லது கருப்பட்டி 200 கிராம், நெய் 100 கிராம், முந்திரி 50, ஏலக்காய் ஆறு. பழத்தை மட்டும் அரை மணி நேரம் சுண்டவைத்து, கரண்டி இழுத்த தடம் மூடாமல் நிற்கும் பதத்தில் சர்க்கரையைப் போட்டு, மறுபடி இறுகியபின் நெய்யைச் சிறிது சிறிதாக விட வேண்டும். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்கிய நெய் என்றால் பண்டம் எங்கேயோ போய்விடும். முதலிலேயே சர்க்கரை போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேலை இரட்டிப்பாகும். வெளியில் நான்கு நாள், ஃபிரிட்ஜில் மூன்று வாரம்.

பால் சேர்க்கும் பண்டங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. அத்திப்பாலில் ஃபிசின் என்ற நொதி உண்டு; பச்சை அத்தியைப் பாலில் அரைத்து வைத்தால் பால் திரியும், கசக்கும். பாயசமோ மில்க் ஷேக்கோ எதுவானாலும் பழத்தை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பிறகே பாலில் சேர்க்க வேண்டும். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஜெலட்டின் போட்ட இனிப்பு பச்சை அத்தியோடு உறையாததற்கும் இதே காரணம். கடல்பாசிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒப்பிட்டுக்குப் பூரணமாக அத்தி நன்றாகவே வருகிறது. ஆனால் ஜாமை உள்ளே வைத்தால் கல்லில் போட்டதும் ஓரம் பிய்த்துக்கொண்டு ஒழுகிக் கருகும். அரைக் கிலோ பழத்தை 200 கிராமாகச் சுண்டவைத்து, மலர வேகவைத்துத் தண்ணீர் சுத்தமாக வடித்த கடலைப் பருப்பு விழுது 200 கிராம், வெல்லம் 80 கிராம் சேர்த்து, உருட்டினால் கையில் ஒட்டாத வரை கிளற வேண்டும். விதை நறநறப்பது சிலருக்குப் பிடிக்காது. பல்லுக்குள் சிக்குகிறது என்று அமுச்சியும் அப்பச்சியும் சொன்னால், சுண்டவைத்த பழத்தைச் சல்லடையில் தேய்த்து எடுக்கலாம். கை வலிக்கும், அவ்வளவுதான்.

தொக்கு, மூன்றாவது குவியலுக்குப் போக்கிடம். அரைப்பழம் 1 கிலோவை நறுக்கி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து வடித்தால் பால் கசப்பு போகும். நல்லெண்ணெய் 150 மில்லி, புளி 60 கிராம் கெட்டிக் கரைசல், மிளகாய்த்தூள் 30 கிராம், உப்பு 40 கிராம், வறுத்து அரைத்த கடுகும் வெந்தயமும் ஒன்றரைத் தேக்கரண்டி, பெருங்காயம். எண்ணெய் பிரியும்வரை சுருட்டி, இறக்கும் முன் வினிகர் 50 மில்லி. அரிசிம்பருப்புச் சோற்றுக்கும் ராகிக் களிக்கும் இது ஜாமை விடப் பொருந்தும். மாவடு ஊறுகாய் மாதிரி அலமாரியில் வைக்கும் சரக்கல்ல, ஃபிரிட்ஜில் இரண்டு மாதம்.

எந்த வீட்டுக்கு எது

தனி ஃபிரீசர் இருந்து, காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பும் வீடென்றால் உறையவைப்பதைத் தவிர வேறெதுவும் யோசிக்க வேண்டாம்; ஜாம் எப்போது முடிகிறதோ அப்போது. ஃபிரீசர் இல்லை, களமும் மொட்டை மாடியும் இருக்கின்றன, பகலில் ஆள் இருக்கிறது, ஊர் ஈரோடு, கரூர், தாராபுரம் பக்கம் என்றால் உலர்த்துவதே லாபம்: சர்க்கரைச் செலவில்லை, இடம் கால் பங்கு, சர்க்கரை சேர்க்காமல் அலமாரியில் நிற்கும் பண்டமும் அது ஒன்றுதான். ஆனால் தண்ணீர் வற்றும்போது பழத்தின் சொந்தச் சர்க்கரை செறிந்துவிடுகிறது. நீரிழிவுக்காரர் கையில் உலர் அத்தியைக் கணக்கில்லாமல் கொடுத்துவிட்டு, ஜாமைத் தொடக் கூடாது என்பதில் அர்த்தமில்லை. பொள்ளாச்சிக்கு மேற்கே இருப்பவர்கள் உலர்த்தும் பெட்டி வாங்கினால் ஒழிய, சித்திரை தாண்டியதும் உலர்த்துவதை மறந்துவிடலாம். யாருக்காவது கொடுத்தனுப்ப வேண்டும், வெளியூரில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் வெள்ளைச் சர்க்கரையில் முழு அளவோடு செய்த ஜாம். பேருந்தில் போனாலும் கூரியரில் போனாலும் அது தாங்கும், அல்வா தாங்காது.

ஐப்பசி மழைக்கு முன் மரத்தில் பழுக்க வழியில்லாமல் நிற்கும் கெட்டிக் காய்களையும் விடவேண்டியதில்லை. நான்காக நறுக்கி, உப்புப் போட்ட தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் இன்னொருமுறை அதே போல வேகவைத்தால் பால் முழுக்க இறங்கிவிடும். பிறகு சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் தூவினால் வாழைக்காய்ப் பொரியல் ருசியில் வரும். இரண்டாவது தண்ணீரும் வெள்ளையாக வந்தால் மூன்றாவது முறையும் வேகவைக்க வேண்டும். அதற்குச் சோம்பினால் தொண்டை அரிக்கும்.